பான்கேக் காலை உணவைப் பொறுப்பெடுத்துவிட்டீர்களா? ஒன்ராறியோவில் சேவைக் கழகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லயன்ஸ், றோட்டறி, கிவானிஸ் என்று ஏதோ ஒரு சேவைக் கழகத்தில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு கூட்டத்தில் "இந்த வருடம் நிதி திரட்டும் காலை உணவை நீங்களே பாருங்களேன்" என்பார்கள். கோயில் அன்னதானத்தில் நின்று பழகிய கை, இருநூறு பேருக்குப் பான்கேக் சுடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். சுடுவது உண்மையில் பெரிய வேலை இல்லை. மாவு கரைப்பதற்கு முன்னால் வருகிற கடதாசிகள்தான் வேலை. அதை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை. இந்தப் படிவம் எங்கே, அந்தச் சான்றிதழ் யாரிடம் என்று ஒவ்வொரு அலுவலகமாக அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அலைய வேண்டாம்.

நிகழ்வுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கினால் நிம்மதி. இரண்டு மாதம் என்றால் ஓட வேண்டியிருக்கும். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

1. காசு யாருக்கு என்பதை முதலில் எழுத்தில் வையுங்கள்

"சமூக நலனுக்காக" என்று சுவரொட்டி அடித்தால் யாரும் வர மாட்டார்கள். உணவு வங்கிக்கு ஒரு உறைபெட்டி, இன்ன பள்ளிக்கூடத்தின் காலை உணவுத் திட்டம், வைத்தியசாலைக்கு ஒரு கருவி என்று ஒரே ஒரு பொருளைக் காட்டுங்கள். பிறகு அதைக் கழகக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். வங்கி, நகரசபை, ஆதரவாளர் என்று யார் கேட்டாலும் அந்தக் குறிப்பின் பிரதிதான் கைகொடுக்கும்.

தீர்மானத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: வருமானம் முழுவதுமா, செலவு போக மிஞ்சுவதா? சுவரொட்டியில் "வருமானம் முழுவதும்" என்று போட்டுவிட்டால், மாவுக்கும் மண்டபத்துக்கும் கழகம் வேறு எங்கிருந்தாவது காசு எடுக்க வேண்டும். "செலவு போக மீதி முழுவதும்" என்று எழுதினால் பிரச்சினை இல்லை.

லயன்ஸ் கழகங்களில் நிர்வாகக் கணக்கு வேறு, பொதுமக்களிடம் திரட்டும் காசுக்கான கணக்கு வேறு. திரட்டிய காசிலிருந்து அந்த நிகழ்வின் நேரடிச் செலவைக் கழிக்கலாம். கழகத்தின் சந்தாவுக்கோ உறுப்பினர் விருந்துக்கோ தொட முடியாது. மற்றக் கழகங்களிலும் இதே மாதிரிப் பிரிவினை வழக்கம். உங்கள் பொருளாளரிடம் எந்தக் கணக்கு இலக்கம் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். இன்ரறாக் மின்பரிமாற்றமும் அந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும். "அவசரத்துக்கு என்னுடைய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு வரும்.

உதவி பெறும் அமைப்பிடமிருந்து, பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்தலாம் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். மின்னஞ்சலே போதும்.

வரிப் பற்றுச்சீட்டு: பலர் கேட்பார்கள். கனடாவில் கொடை வழங்கியதற்கான வரிப் பற்றுச்சீட்டைப் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் போன்ற தகுதி பெற்ற அமைப்புகள்தான் கொடுக்கலாம். சேவைக் கழகம் இலாப நோக்கற்றதாக இருப்பதாலேயே அந்தத் தகுதி வந்துவிடாது. சில கழகங்கள் இதற்காகவே தனியாக ஓர் அறக்கட்டளை வைத்திருக்கின்றன. அப்படி இருந்தாலும், நுழைவுச்சீட்டு விலையில் சாப்பாட்டின் பெறுமதியைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் பற்றுச்சீட்டு. பத்து டொலர்ச் சீட்டுக்கு இந்த வில்லங்கம் தேவையில்லை. "நுழைவுச்சீட்டுக்கு வரிப் பற்றுச்சீட்டு இல்லை" என்று சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். பெரிய தொகை தர விரும்புகிறவரை, உதவி பெறும் தொண்டு நிறுவனத்துக்கே நேரடியாகக் காசோலை எழுதச் சொல்லுங்கள். அது பதிவுபெற்றதா என்பதைக் கனடா வருமான முகமையின் இணையப் பட்டியலில் பார்க்கலாம்.

2. மண்டபம்: வாடகையைவிடச் சமையலறையைப் பாருங்கள்

சமூக நிலையம், தேவாலய மண்டபம், லீஜன் (முன்னாள் படைவீரர் சங்க) மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாம் கிடைக்கும். பள்ளிக்கூடம் என்றால் கல்விச் சபையின் அனுமதி முறை வழியாகப் போக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

எங்கே போனாலும் இந்த நான்கையும் நேரில் போய்ப் பாருங்கள். தொலைபேசியில் "சமையலறை இருக்கிறது" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

சமையலறை வாடகைச் சீட்டில் சேர்ந்திருக்கிறதா? மண்டபம் தனி, சமையலறை தனி என்று இரண்டு பதிவாக இருப்பது சாதாரணம்.

அது சமைக்கும் அறையா, சூடாக்கும் அறையா? அடுப்புக்கு மேலே கொழுப்புப் புகையை உறிஞ்சும் கூண்டும் தீயணைப்பு ஏற்பாடும் இல்லாவிட்டால் அங்கே சொசேஜ் பொரிக்க விட மாட்டார்கள். மீறிப் பொரித்தால் தீ அபாய மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, அதற்கான கட்டணத்தையும் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போக இடமுண்டு.

மின்சாரம்: இதை யாரும் சொல்வதில்லை. மின்சாரப் பான்கேக் கல் ஒன்று ஏறத்தாழ 1500 வாற் இழுக்கும், 100 கோப்பைக் கோப்பிக் கொதிகலனும் அப்படியே. 120 வோல்ற்றில் அது 12.5 அம்பியர். சாதாரண 15 அம்பியர் மின்சுற்று ஒன்றில் அப்படி ஒன்றுதான் தாங்கும். இரண்டைச் செருகினால் கூட்டம் நிரம்பியிருக்கும் நேரம் பார்த்து பிரேக்கர் விழும். பக்கத்துப் பக்கத்துச் செருகிகள் பெரும்பாலும் ஒரே சுற்றில்தான் இருக்கும். எந்தச் செருகி எந்தச் சுற்று என்று கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்டு, ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள்? எட்டு மணிக்குப் பரிமாற வேண்டுமென்றால் ஐந்தரைக்கு நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். காவலாளியின் மேலதிக நேரத்துக்குத் தனிக் கட்டணம் வரலாம். வாடகைக் கணக்கில் அதையும் சேருங்கள். பாட்டுப் போடுவதாக இருந்தால் அதே சீட்டில் என்ரன்டெம் என்ற பெயரில் இசை உரிமக் கட்டணம் ஒன்றும் வரும். சிறிய தொகைதான்.

3. காப்புறுதிச் சான்றிதழ்

மண்டபக்காரர் கேட்கும் முதல் கடதாசி இதுதான். பொதுப் பொறுப்புக் காப்புறுதி, பெரும்பாலும் 20 இலட்சம் டொலருக்குக் கேட்பார்கள். சில இடங்களில் இன்னும் கூட. புதிதாக வாங்கக் கிளம்புவதற்கு முன் கழகச் செயலாளரைக் கேளுங்கள்: லயன்ஸ் கழகங்களுக்கு அனைத்துலகத் தலைமையகத்தின் காப்புறுதித் திட்டம் இருக்கிறது, வேறு சில கழகங்களுக்கும் உண்டு. சான்றிதழை மட்டும் கேட்டு எடுத்தால் போதும். தொகை போதாவிட்டால்தான் மேலதிகமாக வாங்க வேண்டும்.

இதில் வழக்கமான பொறி பெயர். மண்டப உரிமையாளரையும் காப்புறுதியின் பாதுகாப்புப் பெறுபவராக மேலதிகமாகச் சேர்க்கச் சொல்வார்கள். நகரசபை மண்டபம் என்றால் "சிற்றி ஒப் மார்க்கம்" என்று மட்டும் போட்டால் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். சட்டப்படியான முழுப் பெயர் "த கோர்ப்பரேஷன் ஒப் த சிற்றி ஒப் மார்க்கம்". ஒப்பந்தத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல், வெட்டி ஒட்டி அனுப்புங்கள். திகதி, முகவரி, நிகழ்வின் பெயர் மூன்றும் வாடகைச் சீட்டோடு பொருந்த வேண்டும்.

4. பொதுச் சுகாதாரப் பிரிவு

பலரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்படத் தேவையில்லை, ஆனால் தாமதிக்கக் கூடாது.

எந்தப் பிரிவு என்பதை மண்டபம் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும், உங்கள் கழகத்தின் முகவரி அல்ல. ஸ்காபரோ என்றால் ரொறன்ரோ, மார்க்கம் என்றால் யோர்க், ஏஜக்ஸ் என்றால் டர்ஹம், பிரம்டன் என்றால் பீல். ஒவ்வொன்றுக்கும் படிவமும் கால அவகாசமும் வேறு. இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை முன்கூட்டியே கேட்பார்கள். நீங்கள் ஆறு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். பொதுவாக நிகழ்வை ஒழுங்கு செய்கிறவருக்கு ஒரு படிவம், உணவு பரிமாறுகிற ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு படிவம். ஒரே கழகம் இரண்டையும் செய்தால் இரண்டையும் நிரப்ப வேண்டியிருக்கலாம்.

ஒன்ராறியோவின் உணவகங்கள் பற்றிய ஒழுங்குவிதி 493/17, சமய அமைப்புகளுக்கும் சேவைக் கழகங்களுக்கும் விசேட நிகழ்வுச் சாப்பாட்டில் சில விலக்குகள் தருகிறது. "நமக்குத்தான் விலக்கு இருக்கிறதே" என்று பழைய உறுப்பினர் ஒருவர் நிச்சயம் சொல்வார். அந்த விலக்குக்கும் நிபந்தனைகள் உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்று சொல்ல வேண்டியவர் சுகாதாரப் பரிசோதகர். மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சடித்துக் கோப்பில் வையுங்கள்.

விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவு கையாளுநர் சான்றிதழ் உள்ள ஒருவர் சமைக்கும் நேரம் முழுவதும் நிற்கட்டும். பரீட்சைக்கு 70 வீதம் எடுத்தால் போதும், சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். கழகத்தில் இரண்டு பேரிடம் இருப்பது நல்லது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்.

பரிசோதகர் வந்தால் பார்ப்பவை இவைதான். குளிர் உணவு 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, சூடான உணவு 60 அல்லது அதற்கு மேலே. பன்றி இறைச்சிச் சொசேஜ் உள்ளே 71 பாகை, கோழிச் சொசேஜும் முட்டைக் கலவையும் 74. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று இல்லாமல் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டு வாங்குங்கள். கை கழுவ ஒரு தனி இடம்: வெளியே என்றால் குழாய் வைத்த தண்ணீர்ப் பாத்திரம், திரவச் சவர்க்காரம், காகிதத் துவாய், கழிவுநீர் வாளி. மேசை துடைக்க, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 மில்லிலீற்றர் வீட்டுப் பிளீச் கலந்தால் ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 100 பங்கு) வரும். வாசனைப் பிளீச் வேண்டாம். இறைச்சியையும் முட்டையையும் கடையில் வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தெரிந்தவர் பண்ணையிலிருந்து இலவசமாக முட்டை தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

5. வெளியே சமைப்பதானால்

கோடையில் வாகனத் தரிப்பிடத்தில் புரோப்பேன் கல் வைத்துச் சுடுவதுதான் பல கழகங்களின் வழக்கம். மண்டபத்துச் சமையலறை சரியில்லை என்றால் இதுவே நல்ல வழி. புரோப்பேன் அடுப்பை மழை வந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதை உள்ளே எரித்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு உயிரை எடுக்கும். சிலிண்டரின் கழுத்தில் திகதி பொறித்திருக்கும். கனடாவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுசோதனை செய்ய வேண்டும். தாண்டியிருந்தால் நிரப்ப மாட்டார்கள். சனிக்கிழமை மாலையில் நிரப்பப் போய்த் திரும்பி வருவதைவிட, இன்றே வீட்டுப் பின்புறம் போய்த் திகதியைப் பாருங்கள்.

கூடாரங்கள் மொத்தம் 60 சதுர மீற்றருக்குள், கட்டடத்தோடு ஒட்டாமல், மற்றக் கட்டமைப்புகளிலிருந்து 3 மீற்றருக்கு அப்பால் இருந்தால் கட்டட அனுமதி தேவையில்லை. பத்துக்குப் பத்து அடிக் கூடாரம் ஒன்று ஏறத்தாழ 9.3 சதுர மீற்றர். ஆறு சேர்த்து அடிக்கலாம். ஏழாவது எல்லையைத் தாண்டிவிடும். அடுப்புக் கூடாரமும் சனம் இருக்கும் கூடாரமும் தள்ளியே இருக்கட்டும். தீயணைப்புக் கருவியின் சோதனை அட்டையில் திகதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. ராஃபிள் ஆசை

சாப்பிட வந்த கூட்டத்திடம் 50/50 சீட்டு (திரளும் காசில் பாதி வெற்றியாளருக்கு, பாதி கழகத்துக்கு) விற்றால் நல்ல காசு வரும். ஆனால் அது லொத்தர். நகரசபையின் லொத்தர் உரிமம் இல்லாமல் நடத்துவது சட்டவிரோதம். உரிமத்துக்குக் கழகத்தின் அமைப்பு விதிகள், கணக்கறிக்கை என்று தனிக் கோப்பு கேட்பார்கள். முதல் தடவை நடத்துகிறவர்கள் இதை விட்டுவிட்டு மௌன ஏலம் (பொருளுக்குப் பக்கத்தில் உள்ள தாளில் விலையை எழுதிக் கேட்பது) வையுங்கள். அதற்கு இந்த உரிமம் தேவையில்லை.

7. ஆட்கள்

இருநூறு பேருக்கு இருபது பேர் இருந்தால் வசதி: கல்லில் நால்வர், மாவுக்கு இருவர், பரிமாற ஐவர், கோப்பிக்கு ஒருவர், வாசலில் காசுக்கு இருவர், மேசை துடைக்க நால்வர், பாத்திரம் கழுவ இருவர். காசு மேசையில் எப்போதும் இருவர். தனியே யாரும் வேண்டாம், தலைவராக இருந்தாலும்.

ஒன்ராறியோ உயர்பள்ளி மாணவர்கள் பட்டம் பெற 40 மணித்தியாலச் சமூகப் பணி செய்ய வேண்டும். நம்முடைய பிள்ளைகளில் பாதிப்பேர் கடைசி வருடத்தில் இதற்கு இடம் தேடி அலைகிறார்கள். ஒரு வட்சப் செய்தி போட்டால் போதும், வந்து நிற்பார்கள். படிவத்தை அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளைச் சூடான கல்லுக்கும் கொதிகலனுக்கும் கிட்ட விட வேண்டாம்.

8. கொள்வனவும் கணக்கும்

தண்ணீர் மட்டும் ஊற்றும் முழுமையான மாவுக் கலவையை எடுங்கள். முட்டை, பால் என்று தனியாக அலைய வேண்டாம், குளிர்ப்பெட்டி இடமும் மிச்சம். ஆளுக்கு மூன்று பான்கேக் என்றால் ஒரு கிலோ கலவை பத்துப் பேருக்குப் போதும். இருநூறு பேருக்கு 20 கிலோ. சொசேஜ் ஆளுக்கு இரண்டு. முன்பே வேகவைத்த சொசேஜ் விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் புதுக் குழுவுக்கு அந்த நிம்மதி காசுக்குத் தகும். பாகு ஆளுக்கு 50 மில்லிலீற்றர் வைத்தால் 10 லீற்றர்.

பாகில் ஒரு எச்சரிக்கை. உண்மையான மேப்பிள் பாகு விலை பல மடங்கு. மலிவான பாகு வாங்கினால் சுவரொட்டியில் "மேப்பிள்" என்ற சொல்லே வரக் கூடாது. இந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு சொட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோப்பிக் கொதிகலனில் "100 கோப்பை" என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்க் குட்டிக் கோப்பைக் கணக்கு. நீங்கள் வாங்கும் காகிதக் கோப்பையில் அது அறுபதுதான் வரும். கொதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். முதல் கொதிகலனை எல்லாவற்றுக்கும் முன் போடுங்கள்.

நம் ஆட்களும் வருவார்கள் என்றால், சைவத்துக்கு ஒரு கல் தனியாக ஒதுக்குங்கள். "சொசேஜ் போட்ட கல்லிலா சுட்டீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும், "இல்லை" என்று நேராகச் சொல்ல முடிந்தால் அந்தக் குடும்பம் அடுத்த வருடம் நான்கு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரும். ஹலால் என்று எழுத வேண்டுமானால் சான்றிதழ் உள்ள கோழிச் சொசேஜை அதன் பெட்டியோடு வைத்திருங்கள். கோதுமை, பால், முட்டை, சோயா என்று ஒவ்வாமைப் பட்டியலை மாவுப் பையிலிருந்து பெயர்த்து எழுதி வாசலில் ஒட்டுங்கள்.

இனி விலை. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பெரியவர் 10 டொலர், சிறுவர் 5. இருநூறு பேரில் 120 பெரியவர், 80 சிறுவர் என்றால் 1,600 டொலர். சாப்பாடு, தட்டு, கோப்பை எல்லாம் ஆளுக்கு 3.50 என்றால் 700. மண்டபமும் காவலாளியும் 300, அச்சும் சில்லறையும் 100. கையில் நிற்பது 500. இவ்வளவு பாடுபட்டு 500தானா என்று தோன்றும். அதனால்தான் ஆதரவாளர் தேட வேண்டும். மண்டப வாடகையை ஒரு வீட்டு விற்பனை முகவரும், மாவையும் சொசேஜையும் ஒரு பலசரக்குக் கடையும் ஏற்றுக்கொண்டால் அதே கூட்டத்தில் மீதி இரண்டு மடங்கைத் தாண்டும். கடைகளுக்குக் கழகத்தின் தலைப்புத்தாளில் எழுதிய கடிதத்தை எட்டு வாரம் முன்பே கொடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் ஒரு பரிசு அட்டைதான் கிடைக்கும்.

9. அன்று காலை

5.30க்குக் கதவு, முதல் கொதிகலன். 6.30க்குக் கற்களைச் சூடாக்கி ஒரு ஈடு சுட்டுப் பார்ப்பது. முதல் ஈடு எப்போதும் சமையல்காரர்களுக்கு. 7.45க்கு வெப்பநிலைகளைக் குறித்து வைப்பது. 8 மணிக்குப் பரிமாற்றம்.

மாவைச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். மொத்தத்தையும் கரைத்து வைத்தால் சூட்டில் நின்று கெடும், தண்ணீராகவும் போகும். ஒன்பது மணிக்குக் கூட்டம் இல்லையே என்று சோர வேண்டாம்; தேவாலயம் முடிந்தும் பிள்ளைகளின் விளையாட்டு முடிந்தும் பத்து மணியளவில் ஒரேயடியாக வருவார்கள். 36 அங்குலக் கல்லில் ஒரு ஈட்டுக்கு 20 பான்கேக், ஐந்து நிமிடம், மணிக்கு 240தான். எழுபது பேர் ஒன்றாக வந்தால் 210 வேண்டும், ஒரே கல்லில் அதற்கே ஒரு மணி நேரம் கிட்டப் போய்விடும். அதனால் இரண்டு கல் கட்டாயம், சைவக் கல்லைச் சேர்க்காமல்.

காசுப் பெட்டியில் ஐந்து டொலர்த் தாளும் நாணயமுமாக 200 டொலர் சில்லறை வைத்து, அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி இருவர் கையெழுத்திடுங்கள். முடிந்ததும் அதே இருவர் எண்ணி, மறுபடி கையெழுத்து. எண்ணாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

10. அந்த வாரத்துக்குள்

கரைத்த மாவும் பரிமாற வைத்த சொசேஜும் குப்பைக்கு, மனம் கேட்காவிட்டாலும். உடைக்காத பெட்டிகளை உணவு வங்கி எடுக்கும். எடுக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். உடைக்காத மாவுப் பைகளைப் பற்றுச்சீட்டோடு கடையில் திருப்பலாம், ஆனால் திரும்ப எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காசு வங்கிக்கு. பொருளாளரிடம் வரவு செலவுத் தாள், மூலப் பற்றுச்சீட்டுகள். அடுத்த கூட்டத்தில் மீதித் தொகையை அறிவித்து, இருவர் கையெழுத்திட்ட காசோலையாக எழுதச் செய்யுங்கள். ஆதரவாளர்களுக்குப் படத்தோடு நன்றிக் கடிதம் போனால் அடுத்த வருடம் கேட்பது சுலபம். வாடகைச் சீட்டு, காப்புறுதிச் சான்றிதழ், சுகாதாரப் பிரிவின் பதில், எந்தச் செருகி எந்தச் சுற்று என்ற தாள், எத்தனை கிலோ மாவு மிஞ்சியது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். மண்டபத்துக்கு அடுத்த வருடத் திகதியையும் அதே வாரமே பதியுங்கள். நல்ல சமையலறை உள்ள மண்டபங்களின் ஞாயிற்றுக்கிழமைகள் சீக்கிரம் போய்விடும்.